கூண்டு மீனையும் சிப்பியையும் ஒரே சொல்லால் அழைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரிசியசின் தென்கிழக்குக் கரையில் உள்ள மாயேபூரிலிருந்து இக்கடிதத்தை எழுதுகிறேன். கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறி வந்தவர்களின் வழியில் பிறந்தவள் நான். இங்குள்ள பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றிருக்கிறேன். என் தந்தையும் பெரியப்பாவும் பவளத்திட்டுக்கும் கரைக்கும் இடைப்பட்ட ஆழமற்ற கடலான களப்பில் வலை போட்டுப் பிழைத்தவர்கள். தங்கள் நாளிதழின் இணையப் பதிப்பை நாள்தோறும் காலையில் படித்து வருகிறேன்.

அண்மையில் தாங்கள் வெளியிட்ட கடல் மீன் வளர்ப்புக் கட்டுரை, தமிழகக் கரையோர மக்களுக்கு மிதவைக் கூண்டுகளே அடுத்த தலைமுறையின் வாழ்வாதாரம் என்றது. கொடுவா, கடல் விரால், இறால், சிப்பி, பாசி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கி, இவை அனைத்துமே கடலில் மீன்பிடிப்பின் சுமையைக் குறைக்கும் என்று முடித்திருந்தது. அந்த ஒரே மூச்சுதான் என்னை எழுத வைத்தது. கடலில் மீன் வளர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. கடலிலிருந்தே தன் உணவை எடுத்துக்கொள்ளும் உயிரையும், மூட்டை மூட்டையாகத் தீவனம் கொட்டி வளர்க்க வேண்டிய உயிரையும் ஒரே பெயரில் அடக்குவதைத்தான் எதிர்க்கிறேன். பெயர் ஒன்றாக இருக்கும்வரை சட்டமும் ஒன்றாக இருக்கும். சிப்பிக்குக் கிடைக்கும் நற்பெயர் கூண்டு மீனுக்கும் சேர்ந்து கிடைத்துவிடும்.

எங்கள் ஊர்ச் சந்தையில் ஓம்ப்ரீன் என்று ஒரு மீன் விற்கிறார்கள். வெள்ளி நிறத்தில் செம்பு மின்னும் உடல். வாலடியில், யாரோ விரல் நுனியில் மை தொட்டு வைத்ததுபோல் ஒரு கரும்பொட்டு. பார்வைக்கு அழகான மீன். மஞ்சளும் கடுகும் பூண்டும் சேர்த்து நாங்கள் செய்யும் வின்டாய்க்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் இது எங்கள் கடலின் மீன் அன்று. மெக்சிகோ வளைகுடாவும் அதை ஒட்டிய அமெரிக்க அத்லாந்திக் கரையும்தான் இதன் தாயகம். வளர்ப்புக்கென்றே இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்டது. மாயேபூர் விரிகுடாவில் 2000-களின் தொடக்கத்திலிருந்து கூண்டுகளில் வளர்க்கப்பட்டு வருகிறது. என் தந்தையின் வலையில் விழுந்த கபித்தேன், கொர்தொனியே, வியெய்ல் ரூஜ் ஆகிய உள்ளூர் மீன்களின் பக்கத்தில் இந்த மீன் அடுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, வாங்குகிற இளைஞர்களில் எத்தனை பேருக்கு இவ்விரண்டின் வேறுபாடு தெரியும் என்று எண்ணிக்கொள்வேன்.

உலக அளவில் பார்த்தால் காலம் எப்போதோ மாறிவிட்டது. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் வளர்த்து எடுத்த நீர்வாழ் விலங்குகளின் அளவு 9 கோடியே 44 இலட்சம் டன். கடலிலும் ஆற்றிலும் பிடித்ததைவிட வளர்த்தது மிகுந்த முதல் ஆண்டு அதுவே. இந்த எண்ணைத்தான் எல்லோரும் வெற்றியாக மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் இதற்குள் ஆற்றுப்படுகைக் குளங்களில் வளரும் கெண்டையும் இருக்கிறது, மூங்கில் கழியில் தொங்கும் மட்டியும் இருக்கிறது, வலைக்கூண்டில் அடைபட்ட ஊனுண்ணி மீனும் இருக்கிறது. கடலுக்கு அவை செய்வதோ ஒன்றுக்கொன்று வெகு தொலைவானது.

ஒருமுறை கூண்டு மீனுக்குப் போடும் தீவன உருண்டைகளை ஒருவர் என் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். பருப்பளவு இருந்தன, கருஞ்சிவப்பு நிறம். முகர்ந்தால் கருவாட்டு வாசனை; தேய்த்தால் விரலில் எண்ணெய் ஒட்டியது. வீட்டுக்கு எடுத்து வந்து கடல்நீர் நிரப்பிய வாளியில் போட்டுப் பார்த்தேன். சில மிதந்தன, பெரும்பாலானவை மெல்ல மெல்ல இறங்கின. கால் மணி நேரத்தில் ஓரங்கள் கரைந்து வாளியின் அடியில் மண்டிபோல் படிந்தது. மீன் கவ்வாத உருண்டை கடலில் என்ன ஆகும் என்பதை அந்த வாளி எனக்குக் காட்டிற்று. மீன் கவ்வியதும் வேறு வழியில் அங்கேதான் போய்ச் சேருகிறது.

கணக்கிட்டுப் பார்க்கலாம். கடலில் வளரும் ஊனுண்ணி மீன் ஒரு டன் விளைய, ஏறத்தாழ 2 டன் தீவனம் தேவை என்று கொள்வோம். அத்தீவனத்தில் புரதம் நூற்றுக்கு 45 பங்கு. புரதத்தில் நைட்ரஜன் நூற்றுக்கு 16 பங்கு. ஆகவே 2 டன் தீவனத்தோடு கடலுக்குள் இறங்கும் நைட்ரஜன் 144 கிலோ. விளைந்த ஒரு டன் மீனின் உடலில் தங்குவது 30 கிலோவுக்கு மேல் இராது. மீதமுள்ள 110 கிலோவுக்கு மேற்பட்டது, செவுள் வழியாக அம்மோனியாவாகவும், கழிவாகவும், கரைந்த தீவனமாகவும் அதே நீரில் கலந்துவிடுகிறது. ஒரு கூண்டில் ஒரு டன் என்றால் கடல் தாங்கும். ஆயிரம் டன் என்று திட்ட அறிக்கையில் எழுதும்போது, நூறு டன்னுக்கு மேற்பட்ட நைட்ரஜனை ஆண்டுதோறும் ஒரு விரிகுடாவுக்குள் கொட்டப் போகிறோம் என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். நான் பார்த்த விளம்பரத் தாள் எதிலும் அந்த வரி இல்லை.

கரும்பு வயலுக்கு உரம் என்றால் அது நன்மை. பவளத்துக்கு அதுவே கேடு. பவளம் வளர்வது சத்துக் குறைந்த, கண்ணாடி போன்ற நீரில். அந்த ஏழ்மையே அதன் காப்பு. நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்தால் பாசி முந்திக்கொண்டு வளர்ந்து பவளத்தின் மேல் படர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது, புதிய பவளக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் செய்கிறது. அந்தப் பாசியை மேய்ந்து குறைக்கும் கத்தோ என்னும் கிளிமீனையும் கொர்தொனியேயையும் நாம் ஏற்கெனவே வலைபோட்டுக் குறைத்துவிட்டோம். எங்கள் தீவைச் சுற்றியுள்ள களப்பு மொத்தம் 243 சதுர கிலோமீட்டர்தான். தோட்டங்களின் உரமும் கரையோரக் கழிவுநீரும் மழைக்கு மழை அதில் இறங்குகின்றன. 1998 முதல் கடல் சூடேறும்போதெல்லாம் பவளம் வெளுத்தும் வருகிறது. பழியை எல்லாம் கூண்டுகளின் மேல் சுமத்துவது நேர்மையாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே பாரம் ஏறிய தோளில் இன்னொரு மூட்டையை ஏற்றும் முன், அந்தத் தோள் எவ்வளவு தாங்கும் என்று அளந்து பார்ப்பது முறையல்லவா?

செங்கடலின் வடகோடியில், பவளத்துக்குப் பெயர்போன அகபா வளைகுடாவில், எய்லாட் நகருக்கு அருகே ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் விளைந்த கூண்டுகள் இருந்தன. அவை பவளத்தைக் கெடுக்கின்றனவா என்பதில் அறிவியலாளர்களே இரு அணியாகப் பிரிந்து பல ஆண்டுகள் வாதிட்டார்கள். இறுதியில் இஸ்ரேல் அரசு 2005-இல் முடிவெடுத்து, 2008-க்குள் கூண்டுகளைக் கடலிலிருந்து அகற்றிவிட்டது. ஐயம் முழுதும் தீரும் முன்பே, மீண்டும் உண்டாக்க முடியாத பொருளின் பக்கம் நின்ற அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

கூண்டுக்கு நேர்கீழே உள்ள தரையின் கதை இன்னும் தெளிவானது. நீரோட்டம் குறைந்த இடத்தில் கழிவு படியப் படிய, அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. மண் கறுத்து, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது. மணலுக்குள் வாழ்ந்த நண்டும் மட்டியும் பலவகைப் புழுக்களும் போய், அந்த நஞ்சைத் தாங்கும் ஒன்றிரண்டு வகைப் புழு மட்டும் மிஞ்சுகிறது. அதற்கு மேல் வெள்ளைப் பஞ்சு விரித்தாற்போல் கந்தக நுண்ணுயிர்ப் படலம். உலகெங்கும் கூண்டுப் பண்ணைகளின் கீழ் மூழ்கிப் பார்ப்பவர்கள் முதலில் தேடும் அடையாளம் இந்த வெள்ளைப் படலமே.

கூண்டுகளை எடுத்துவிட்டால் தரை தானே தேறிவிடும் என்பார்கள். மணல் தரை சில ஆண்டுகளில் ஓரளவு தேறுவதுண்டு. கடற்புல் அப்படியன்று. மத்தியதரைக் கடலில் மினோர்கா தீவின் ஃபோர்னெல்ஸ் விரிகுடாவில் மீன் பண்ணை மூடப்பட்டு ஆண்டுகள் கடந்த பின்னும் அங்கிருந்த கடற்புல் வெளி தொடர்ந்து அழிந்துகொண்டே வந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதைத் தமிழக வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. கடற்பசு மேய்வது கடற்புல்லை. அந்தக் கடற்பகுதியிலும் அதன் அண்டையிலும் எந்த இடத்தில், எத்தனை கூண்டு, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நீரோட்டத்தில் என்ற கேள்விகளுக்கு விடை இல்லாமல், கூண்டு நல்லது என்று பொதுவாக எழுதிவிட முடியாது.

அளவு மீறினால் அடி வாங்குவது வளர்ப்பவரும்தான். பிலிப்பைன்சின் பொலினாவோ பகுதியில் பால்கெண்டைக் கூண்டுகள் அனுமதித்த எண்ணிக்கையை வெகுவாகத் தாண்டிப் பெருகின. 2002-இன் தொடக்கத்தில் நீரில் பாசி பெருகிச் சிவந்து, ஆக்சிஜன் அற்றுப்போய், கூண்டு கூண்டாக மீன் செத்து மிதந்தது. அருகிலிருந்த பவளத்திட்டுகளும் அதே விரிகுடாவின் நீரைத்தான் பகிர்ந்துகொண்டிருந்தன. சிலி நாட்டில் 2016-இல் நச்சுப் பாசி பெருகியபோது ஏறத்தாழ 40,000 டன் வளர்ப்பு சால்மன் மடிந்தது. இந்த இரண்டாவது நிகழ்வுக்குக் கடலின் வெப்பநிலையும் பெருங்காரணம் என்பதால் அதைப் பண்ணைகளின் தலையில் மட்டும் நான் கட்டவில்லை. ஆனால் அத்தனை மீனை ஒரே நீரில் நெருக்கி அடைத்ததால்தான் இழப்பு அத்தனை பெரிதாயிற்று.

இனி, தங்கள் கட்டுரை பிடிப்புச் சுமை குறையும் என்றதைப் பார்ப்போம். கொடுவாவும் கடல் விராலும் ஓம்ப்ரீனும் புல் மேய்வன அல்ல. அவற்றின் தீவனத்தில் மீன்தூளும் மீனெண்ணெயும் உண்டு. ஒரு கிலோ மீன்தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சை மீன் தேவை. அந்த மீன் பெரு நாட்டுக் கரையின் நெத்திலியாக இருக்கலாம். செனகல், காம்பியா, மொரித்தேனியாக் கரைகளில் ஏழைகள் சோற்றுக்குத் தொட்டுக்கொண்ட சாளையாக இருக்கலாம். மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளில் மீன்தூள் ஆலைகள் வந்தபின், புகையிட்டு உலர்த்தி விற்ற பெண்களுக்குச் சாளை கிடைப்பது அரிதாகிவிட்டது. முன்பைவிடத் தீவனத்தில் மீன்தூள் குறைந்து சோயா கூடியிருக்கிறது என்பதும், மீன் வெட்டும்போது கழியும் தலையும் முள்ளும் தூளாக்கப்படுகின்றன என்பதும் உண்மையே. அந்த முன்னேற்றத்தை வரவேற்கிறேன். ஆயினும் தீவனத்தில் கால்பங்கு மீன்தூள் என்று கொண்டாலே, ஒரு டன் கூண்டு மீனுக்கு அரை டன் தூள், அதாவது இரண்டு டன்னுக்குக் குறையாத சிறுமீன் கணக்கில் வருகிறது. தமிழகத்தில் விசைப்படகுகள் அள்ளிவரும் கழிசல் மீனில், வளர்ந்திருந்தால் நாளை சங்கராவாகவும் சீலாவாகவும் வலைக்கு வந்திருக்கக்கூடிய குஞ்சுகள் எத்தனை என்று கரையில் கூடை பிரிக்கும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் கூடை மீன்தூள் ஆலைக்குப் போனால், கூண்டு மீன் பிடிப்புச் சுமையைக் குறைத்தது என்று எப்படிச் சொல்வது?

அயல் மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். புயல் எங்கள் தீவுக்கு ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. வலை கிழிவதும் கூண்டு சாய்வதும் எங்கும் நடப்பதே. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2017 ஆகஸ்டில் ஒரு கூண்டுத் தொகுதி சரிந்து, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அத்லாந்திக் சால்மன்கள் பசிபிக் கடலில் பரவின. அடுத்த ஆண்டே அம்மாநிலம், அந்நிய இன மீன்களைக் கடற்கூண்டில் வளர்ப்பதை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டத்தை இயற்றியது. ஓம்ப்ரீன் அடங்காப் பசியுள்ள மீன். நண்டு, இறால், சிறுமீன் எதையும் விடாது. எங்கள் களப்பில் அது குடியேறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. உள்ளூர் மீன் இருக்க அயல் மீனைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள ஆபத்தைக் காப்பீடு செய்ய எந்த நிறுவனத்தாலும் முடியாது என்கிறேன். இந்த ஒன்றில் தமிழகம் எங்களைவிட நல்ல இடத்தில் இருக்கிறது: மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் 2010-இல் குஞ்சு பொரிக்கச் செய்த கடல் விரால், தங்கள் கடலுக்கே உரிய மீன்.

எங்கள் பக்கத்துத் தீவான ரெயூனியனில் 2011 முதல் சுறாத் தாக்குதல்கள் பெருகியபோது, சேன்-போல் விரிகுடாவில் இருந்த ஓம்ப்ரீன் கூண்டுகள்தான் சுறாவை இழுக்கின்றன என்று மக்கள் கொதித்தார்கள். கூண்டுகளுக்கு அடியில் காமிரா வைத்து ஆராய்ந்தபோது காளைச் சுறாக்கள் அங்கே வந்து போனது பதிவாயிற்று. ஆனால் அலைச்சறுக்கு வீரர்கள் தாக்கப்பட்டதற்கு அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை. மொரிசியசின் மேற்குக் கரையில் கூண்டுத் திட்டங்கள் பேசப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும் பெரும்பாலும் சுறாவைச் சுற்றியே இருந்தது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. சுறா என்ற அச்சம் பேச்சையெல்லாம் விழுங்கிவிட்டதால், கடற்புல்லும் பவளமும் தரையில் படியும் கழிவும் எவர் வாயிலும் வரவில்லை. கண்ணுக்குத் தெரியும் பல்லுக்கு அஞ்சினோம். தெரியாததைக் கேட்க மறந்தோம்.

இந்த மறதியை நான் நேரில் கண்டிருக்கிறேன். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்னும் கப்பல் எங்கள் ஊருக்கு அருகே புவான்ட் தெஸ்னி பவளத்திட்டில் ஏறிற்று. ஆகஸ்ட் 6-ஆம் நாள் எண்ணெய் வெளிப்பட்டது. ஏறத்தாழ 1,000 டன் களப்பில் கலந்தது. கடற்கரையில் இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்று பாராமல் ஊரே கூடியது. கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து மிதவைத் தடுப்புகள் செய்தோம். என் விரல்களில் சோகையின் அறுப்பும் எண்ணெயின் கறையும் பல நாள் இருந்தன. அந்த எண்ணெய் கறுப்பாக இருந்தது, நாறியது. அதனால் எல்லோரும் ஓடி வந்தோம். நைட்ரஜனுக்கு நிறமில்லை. அது கலந்த நீரும் நீலமாகவே இருக்கிறது. அதற்காக எவரும் சோகை தைக்க மாட்டார்கள். எனவேதான் அளவீடும் பதிவேடும் வேண்டும் என்கிறேன்.

இப்போது சிப்பிக்கு வருகிறேன். உணவுச் சிப்பிக்கும் மட்டிக்கும் ஒரு பிடித் தீவனமும் வேண்டாம். நீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்றே அவை வளர்கின்றன; நன்கு வளர்ந்த அமெரிக்கச் சிப்பி ஒன்று, ஏற்ற சூழலில் நாளொன்றுக்கு 190 லிட்டர் வரை நீரை வடிகட்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அறுவடையின்போது அவற்றின் உடலோடு நைட்ரஜனும் கடலைவிட்டு வெளியேறுகிறது. கூண்டு மீன் கடலில் சேர்க்கிறது. சிப்பி கடலிலிருந்து எடுக்கிறது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்துப் படன்னயில் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து கழிமுகத்தில் கயிறு கட்டிக் கல்லும்மக்காய் என்னும் மட்டியை வளர்க்கிறார்கள். மூலதனம் சிறிது, தீவனச் செலவு இல்லை, வருமானம் நேரே வீட்டுக்கு வருகிறது. அரசின் மானியம் முதலில் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் போக வேண்டும்.

சிப்பியும் பாசியும் குற்றமே அற்றவை என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். நெருக்கி வளர்த்தால் சிப்பியின் கழிவும் கீழே படிந்து தரையைக் கறுக்கச் செய்யும். விரிகுடாவின் நுண்பாசியை அவையே தின்று தீர்த்தால் மற்ற உயிர்கள் பட்டினி கிடக்கும். பிரெஞ்சுக் கரையில் 1970-களின் தொடக்கத்தில் ஒரு நச்சுயிரி போர்த்துகீசியச் சிப்பியை அடியோடு அழித்தது. அதற்கு ஈடாக அங்கே வளர்க்கப்பட்ட பசிபிக் சிப்பி, ஐரோப்பாவின் பிற கரைகளிலும் வளர்க்கப்பட்டு, பின்னாளில் பண்ணையை விட்டு வெளியேறி, வடகடலின் ஓரத்திலுள்ள வாடன் கடலில் உள்ளூர் மட்டிப் படுகைகளின் மேல் குடியேறிவிட்டது. மன்னார் வளைகுடாவின் கதை தங்களுக்குத் தெரிந்ததே: 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த 21 தீவுகளில், குருசடைத் தீவின் பவளங்கள் மேல் கப்பாஃபைகஸ் என்னும் வளர்ப்புப் பாசி படர்ந்து அவற்றை மூடியது. அதுவும் அயல் கடலின் பாசியே. தீவனம் வேண்டாத உயிருக்கும் இடமும் இனமும் அளவும் பார்க்க வேண்டும். ஆனால் இந்த ஆபத்துகள் வேறு வகை, கூண்டு மீனின் ஆபத்துகள் வேறு வகை. வேறு வேறு நோய்க்கு ஒரே மருந்துச் சீட்டை எழுதுவதில்லை.

கிரியோல் மொழியில் பராஷ்வா என்று நாங்கள் அழைக்கும் ஓர் அமைப்பு உண்டு. பிரெஞ்சுக்காரர் காலந்தொட்டு வருவது. கடல் உட்புகுந்த சிறு குடாவின் வாயைக் கருங்கல் அடுக்கிச் சுவர் எழுப்பி மறித்து, நடுவே இடைவெளி விட்டு, அதில் மரச் சட்டங்களை நெருக்கமாக நாட்டிவிடுவார்கள். ஏற்றத்தில் கடல் உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும். வளர்ந்த மீன் போக முடியாது. சுவரை ஒட்டி அலையாத்தி மரங்கள். சிறுமியாக இருந்தபோது பெரியப்பாவுடன் ஒரு பராஷ்வாவின் சுவர்மேல் நடந்திருக்கிறேன். வற்றத்தின்போது மரச் சட்டங்களின் இடுக்கில் நீர் சலசலத்து ஓடும். உட்பக்கம் சேற்றில் நண்டு தன் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கும். கல்லில் ஒட்டிய சிப்பியைப் பெரியப்பா கத்தி முனையால் நெம்பி எடுத்து, அங்கேயே எலுமிச்சை பிழிந்து தருவார். அந்தக் குளத்துக்கு எவரும் தீவனம் கொட்டியதில்லை. விளைச்சல் குறைவு, ஏற்றுமதிக்குப் போதாது. இன்று பல பராஷ்வாக்கள் சுவர் இடிந்து தூர்ந்து கிடக்கின்றன. அவற்றைத் தூர்வாரி, மதகைச் செப்பனிட்டு, கரையில் அலையாத்தி நட்டு, சிப்பிக்கும் நண்டுக்கும் மீனவர் கூட்டுறவுகளிடம் ஒப்படைத்தால், அதையும் மீன் வளர்ப்பு என்றே அழைக்கலாம். அந்த மீன் வளர்ப்புக்கு நானே முதல் ஆளாகக் கையெழுத்திடுவேன்.

தமிழகம் இந்தப் பாடத்தை ஒருமுறை விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 1990-களில் கீழைக் கரையில் இறால் பண்ணைகள் பெருகி, நிலத்தடி நீர் உப்பாகி, வயல்கள் பாழாகி, நாகை மாவட்டத்து ஏழை மக்கள் காந்தியவாதிகளான ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் இணையரின் தலைமையில் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அப்பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 2023-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, கூண்டு வளர்ப்பு, சிப்பி வளர்ப்பு, பாசி வளர்ப்பு எல்லாமே அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. ஒழுங்குமுறைக்குள் வருவது நல்லதே. ஆனால் ஒரே குடையின் கீழ் வந்துவிட்டதாலேயே ஒரே அளவுகோல் போதும் என்ற எண்ணம் அதிகாரிகளுக்கோ பத்திரிகைகளுக்கோ வந்துவிடக் கூடாது. கரையில் தோண்டிய குளத்தின் கழிவு எங்கே போகிறது என்று பார்க்க வாய்க்கால் ஓரத்தில் நின்றால் போதும். கூண்டின் கழிவைப் பார்க்க ஒருவர் மூழ்கித்தான் ஆக வேண்டும்.

ஆகவே உரிமம் வழங்கும் முன், அந்த இடத்தின் நீரோட்டம், ஆழம், தரையின் நிலை, அருகிலுள்ள பவளமும் கடற்புல்லும் அளக்கப்பட வேண்டும். எத்தனை டன் வரை அந்த விரிகுடா தாங்கும் என்ற வரம்பு எண்ணால் எழுதப்பட வேண்டும். கூண்டு இறங்கிய பின் ஆண்டுதோறும் கூண்டின் கீழும், அதிலிருந்து சற்றுத் தொலைவிலும், கூண்டே இல்லாத மற்றோர் இடத்திலும் மண்ணெடுத்துச் சோதித்து ஒப்பிட வேண்டும். வரம்பு மீறினால் கூண்டை நகர்த்தி அந்தத் தரைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். நார்வே போன்ற நாடுகளில் இவை நடைமுறையில் இருப்பவையே. சோதனை முடிவு அலுவலகக் கோப்பில் உறங்காமல், மீன் ஏலக் கூடத்தின் சுவரில் மீனவர் படிக்கும் மொழியில் ஒட்டப்பட வேண்டும். எங்கள் நாட்டில் சுற்றுச்சூழல் அறிக்கைகள் ஆங்கிலத்தில் வருகின்றன; களப்பில் வலை இழுப்பவர் பேசுவது கிரியோல். அவர் கருத்துச் சொல்லவில்லை என்றால், சம்மதித்துவிட்டார் என்று கொள்ளப்படுகிறது. தமிழகத்தில் அந்த நிலை வரக் கூடாது என்பது என் விருப்பம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. இனி இத்துறையைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, தீவனமிட்டு வளர்க்கும் மீன் என்றும், தீவனமின்றி வளரும் சிப்பி, பாசி என்றும் பிரித்து எழுதுமாறு தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவரை, கூண்டுகள் மிதக்கும் ஏதேனும் ஒரு கடற்கரை ஊருக்கு அனுப்பி வையுங்கள். எத்தனை டன் விளைந்தது என்பதோடு, எத்தனை டன் தீவனம் இறங்கியது, கூண்டுக்குக் கீழே கடைசியாக எப்போது மூழ்கிப் பார்த்தார்கள், அன்று எடுத்த மண் என்ன நிறத்தில் இருந்தது என்பதையும் கேட்டு, கிடைக்கும் விடையை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர்,
மாயேபூர், மொரிசியசு.